டாக்டருக்கும் கேள்வி கேட்க இடம் வேண்டும்!

டாக்டர் படிப்பு எத்தனை வருஷம்?

ஐந்தரை வருஷம் என்று சொல்வார்கள். நாலரை வருஷம் காலேஜில் பாடம். ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. அது முடிந்ததும் வாசலில் பெயர்ப் பலகை மாட்டிக்கொள்ளலாம். நாமும் பலகையைப் பார்த்ததும், "இவர் எல்லாம் படித்து முடித்தவர்" என்று நம்பி நாக்கை நீட்டுகிறோம்.

உண்மை அது அல்ல. டாக்டர் படிப்புக்கு முடிவே கிடையாது. இன்றைக்கு நல்ல மருந்து என்று சொன்னது நாளைக்கு ஆகாத மருந்து ஆகலாம். நேற்று வரை கேள்விப்படாத வியாதி இன்று வாசலில் வந்து நிற்கலாம். 2020-ம் வருஷம் கொரோனா அப்படித்தான் வந்து நின்றது.

புதிதாக வந்த வியாதிக்கு எந்தப் புத்தகத்திலும் பாடம் இல்லை. அப்போது உலகத்து டாக்டர்கள் எல்லாம் என்ன செய்தார்கள்? கம்ப்யூட்டர் முன்னாலும் செல்போன் முன்னாலும் உட்கார்ந்து படித்தார்கள். வீட்டை விட்டுக் கிளம்பாமலே மகாநாடு நடத்தினார்கள்.

அதனால் பெரிய நன்மை விளைந்தது. ஒரு பெரிய குறையும் இருந்தது. அந்தக் குறை டாக்டர்களோடு போகிற விஷயம் அல்ல. உங்கள் உயிர், என் உயிர் சம்பந்தப்பட்டது.

லண்டன்காரன் சாப்பிட்டிருப்பான்!

எனக்கு ஒரு டாக்டர் நண்பர் உண்டு. தெற்கே ஒரு தாலுகா ஊரில் வைத்தியம் பார்க்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை.

2020 ஜூலை மாதம். கொரோனா பரவிக்கொண்டிருந்த நேரம். பகல் முழுவதும் ஆஸ்பத்திரி. இரவில் வீடு திரும்பினால் நேராகக் கொல்லைப்புறம் போவார். அங்கேயே குளித்து, துணிகளைச் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துவிட்டு, மாடி அறைக்குப் போய்விடுவார். வயதான தாயாருக்கு நோய் ஒட்டிவிடக் கூடாதே என்ற பயம்.

மாடியில் செல்போனை நாலு புத்தகங்களின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவார். மேலே இஸ்திரி போட்ட சட்டை. கீழே கைலி. திரையில் இடுப்புக்கு மேலேதானே தெரியும்!

ஒருநாள் இரவு. தாயார் மாடிப்படி அடியில் நின்று குரல் கொடுத்தார்.

"யாரோடப்பா இந்நேரத்துக்குப் பேசிக்கிட்டிருக்கே?"

"நான் பேசலேம்மா. லண்டன்லே ஒரு டாக்டர் பேசறார். கேட்டுக்கிட்டிருக்கேன்."

"லண்டன்காரன் சாப்பிட்டிருப்பான். தட்டைப் படியிலே வச்சிருக்கேன். நீ எடுத்துச் சாப்பிடு!"

(உண்மையில் லண்டனில் அப்போது சாயங்கால நேரம். அவரும் சாப்பிட்டிருக்க மாட்டார். தாய்க்கு அந்தக் கணக்கெல்லாம் எதற்கு?)

அன்றைக்கு அந்த லண்டன் டாக்டர் பேசியதைப் பல தேசத்து டாக்டர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நண்பருக்கு ஒரு சந்தேகம். திரையின் ஓரத்தில் கேள்வி எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் தம் கேள்வியை எழுதினார். அவருக்கு முன்னால் நூற்றுக்கணக்கான கேள்விகள் வரிசையில் நின்றன. லண்டன் டாக்டர் அவற்றில் ஐந்தாறுக்குப் பதில் சொன்னார். "நேரம் ஆகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி" என்றார். திரை இருண்டது.

நண்பரின் கேள்வி அந்தக் கட்டத்திலேயே கிடந்தது.

அது என்ன கேள்வி? பின்னால் சொல்கிறேன். முதலில் இந்த மகாநாட்டுக் கதையைப் பார்ப்போம்.

பினாங்கு டாக்டர் கூட்டிய கூட்டம்

ஒரு கொள்ளை நோயைப் பற்றிப் பேச டாக்டர்கள் கூடுவது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல.

1910-ம் வருஷக் கடைசியில் சீனாவின் வடக்கே மஞ்சூரியாவில் பிளேக் புகுந்தது. நுரையீரலைப் பிடிக்கும் பிளேக். இருமினாலே பரவும். வந்தவர்கள் பிழைப்பது இல்லை. சில மாதங்களில் சுமார் 60 ஆயிரம் பேர் மாண்டார்கள்.

அதை அடக்க அனுப்பப்பட்டவர் டாக்டர் வூ லியென் டே. வயது 31. பிறந்தது பினாங்கில். நம் ஜனங்கள் தோட்ட வேலைக்கும் வியாபாரத்துக்கும் கப்பல் ஏறிப் போனார்களே, அதே பினாங்கு. படித்தது இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில்.

"இந்த நோய் மூச்சு வழியாகப் பரவுகிறது. முகத்தை மூடுங்கள்" என்றார் அவர். பஞ்சையும் மெல்லிய துணியையும் வைத்து முகமூடி செய்து கொடுத்தார். மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் அதை ஏற்கவில்லை. அவர் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். முகமூடி இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் அவரே பிளேக்குக்குப் பலியானார்.

1911 ஏப்ரலில் முக்டன் நகரில் ஒரு சர்வதேச மகாநாடு கூடியது. இன்று அந்த ஊருக்கு ஷென்யாங் என்று பெயர். 11 நாட்டு டாக்டர்கள் வந்தார்கள். வூ லியென் டே தலைமை வகித்தார். வாரக்கணக்கில் பேசினார்கள். நல்ல கூட்டம்தான். ஆனால் அதற்குள் பிளேக் ஓய்ந்துவிட்டது! 60 ஆயிரம் பேரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

1918-ல் வந்த விஷக் காய்ச்சலின்போதும் ஏறக்குறைய இதே கதை. அமெரிக்கப் பொது சுகாதாரச் சங்கத்தின் கூட்டம் அக்டோபரில் நடந்திருக்க வேண்டும். காய்ச்சலால் தள்ளிப் போயிற்று. டிசம்பரில் சிகாகோ நகரில் கூடினார்கள். அமெரிக்காவில் அந்த அக்டோபர்தான் மிகக் கொடிய மாதம்.

டாக்டர்கள் ஒருவரை ஒருவர் மிகவும் தேடிய நேரத்தில் கூட முடியவில்லை. கூடியபோது வேகம் தணிந்துவிட்டது. ரயிலையும் கப்பலையும் நம்பியிருந்த காலத்தில் வேறு வழி இல்லை.

கூட்டத்தோடு வந்த நோய்

2020-ல் ஆகாய விமானம் இருந்தது. ஆனால் அதுவே ஆபத்தாகிவிட்டது.

பிப்ரவரி 26, 27 தேதிகளில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு மருந்துக் கம்பெனியின் கூட்டம். ஒரு ஹோட்டலில் சுமார் 175 பேர் கூடினார்கள். கை குலுக்கினார்கள். சேர்ந்து சாப்பிட்டார்கள். யாரோ ஒருவர் கொரோனாவோடு வந்திருந்தார். கூட்டம் கலைந்தபோது நோயும் பல ஊர்களுக்கு ரயில் ஏறியது, விமானம் ஏறியது. கிருமியின் மரபணுவைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் பிற்பாடு ஒரு கணக்குச் சொன்னார்கள். அந்த ஒரு கூட்டத்திலிருந்து கிளம்பிய தொற்று இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை எட்டியிருக்கலாம் என்பது அந்த மதிப்பீடு.

அதே பாஸ்டனில் மார்ச் 8-ந் தேதி இன்னொரு கூட்டம் தொடங்க வேண்டும். எய்ட்ஸ் முதலிய நோய்களை ஆராய்கிறவர்களின் மகாநாடு. மண்டபம் தயார். இரண்டு நாள் முன்னதாக, "யாரும் வர வேண்டாம். அவரவர் இடத்திலிருந்து பேசுங்கள், கேளுங்கள்" என்று அறிவித்துவிட்டார்கள்.

மார்ச் 11-ல் இது உலகம் தழுவிய கொள்ளை நோய் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னது. மார்ச் 25 முதல் நம் நாட்டில் ஊரடங்கு. மாதக் கடைசியில் சிகாகோவில் கூட வேண்டிய இருதய டாக்டர்கள் கூடவில்லை, திரையில் பேசினார்கள். ஏப்ரலில் அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கம் கட்டணம் இல்லாமல் கதவைத் திறந்துவிட்டது. 60 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள். ஆகஸ்டுக் கடைசியில் ஆம்ஸ்டர்டாமில் நடக்க வேண்டிய ஐரோப்பிய இருதய மகாநாடும் திரைக்கு வந்தது. அதற்கும் கட்டணம் கிடையாது. நேரில் கூடினால் சுமார் 30 ஆயிரம் பேர் வருவார்கள். இந்தத் தடவை ஒரு லட்சத்துக்கு மேல்!

இந்த எண்களை வெறும் கூட்டக் கணக்கு என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு தாலுகா டாக்டர் ஆம்ஸ்டர்டாமுக்குப் போக வேண்டும் என்றால் விமானச் சீட்டு, விசா, ஹோட்டல், மகாநாட்டுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து லட்சங்களில் ஓடும். பணத்தை விடுங்கள். ஒரு வாரம் அவர் ஊரில் இல்லாவிட்டால் நெஞ்சு வலி என்று வருகிறவரை யார் பார்ப்பது? ஆகவே, உலக மகாநாடு என்பது பெரிய பட்டணத்துப் பெரிய டாக்டர்களின் சமாசாரமாகவே இருந்து வந்தது. 2020-ல் முதல் தடவையாக, கைலி கட்டிய நம் தாலுகா டாக்டர் ஐரோப்பாவின் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

மூன்றாவது வரி

அப்படி உட்கார்ந்ததால் என்ன லாபம்?

ஒரு மருந்தின் கதையைச் சொல்கிறேன். டெக்ஸாமெத்தசோன் என்பது அதன் பெயர். ஸ்டீராய்டு வகை. 1950-களின் பிற்பகுதியிலிருந்து இருக்கிற பழைய மருந்து. விலை மிகக் குறைவு. சின்ன மருந்துக் கடையிலும் கிடைக்கும்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கொரோனா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சும்மா கொடுத்துப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த 2,104 பேருக்கு மருந்து. 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல முடிவாயிற்று. 28 நாள் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். 2020 ஜூன் 16-ல் சேதி வெளிவந்தது.

முதல் வரி: செயற்கை சுவாசக் கருவியில் இருந்தவர்களில், மருந்து இல்லாமல் 100-க்கு 41 பேர் இறந்தார்கள். மருந்து கொடுத்தபோது 29 பேர். நூற்றுக்கு 12 உயிர் மிச்சம்!

இரண்டாவது வரி: ஆக்ஸிஜன் மட்டும் வைத்திருந்தவர்களில் 26 பேர் இறந்த இடத்தில் 23 பேர். இங்கும் லாபம்.

மூன்றாவது வரி: ஆக்ஸிஜனே தேவைப்படாத நோயாளிகளில் மருந்து இல்லாமல் 14 பேர் இறந்தார்கள். மருந்து கொடுத்தவர்களில் 18 பேர்! இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றார்கள் ஆராய்ச்சியாளர்கள். ஆனால் நன்மை இல்லை என்பது தெளிவு.

இந்தச் சேதி எத்தனை வேகமாகப் பரவியது தெரியுமா? ஜூன் 27-ல், அதாவது பதினோரு நாளில், நம் மத்திய சுகாதார அமைச்சகம் இந்த மருந்தைக் கொரோனா சிகிச்சை முறையில் சேர்த்துவிட்டது. மாதக்கணக்கில் காத்திருந்து, கப்பலில் வரும் சஞ்சிகையில் படித்துத் தெரிந்துகொள்ளும் காலமாக இருந்தால்? எண்ணிப் பாருங்கள்.

ஆனால், ஒரு சேதி தூரப் பயணம் போகும்போது அதன் கடைசி வரி வழியில் விழுந்துவிடுவது உண்டு. "இந்த மருந்து உயிர் காக்கிறது" என்பது ஊர் ஊராகப் போயிற்று. "மூச்சு நன்றாக இருப்பவருக்குக் கொடுக்காதே" என்ற மூன்றாவது வரி எல்லா ஊருக்கும் போய்ச் சேரவில்லை.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு அவர் எழுதியது இதுதான்: "என் நோயாளிக்கு 54 வயது. சர்க்கரை வியாதி இருக்கிறது. கொரோனா உறுதி. காய்ச்சல் விடவில்லை. மூச்சு நன்றாக இருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் அந்த மருந்தைக் கொடுக்கச் சொல்லி மன்றாடுகிறார்கள். கொடுக்கலாமா?"

லண்டன் டாக்டர் பதில் சொல்லவில்லை. கேள்வியை அவர் பார்த்தே இருக்க மாட்டார். நண்பருக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. மறுநாள் காலையில், தமக்குப் பாடம் சொன்ன ஒரு பழைய பேராசிரியரை டெலிபோனில் பிடித்தார்.

"மூச்சு சரியாக இருந்தால் தொடாதே. சர்க்கரை ஏறும். காத்திரு. ஆக்ஸிஜன் அளவை நாலு மணிக்கு ஒரு தரம் பார்" என்றார் பேராசிரியர்.

நோயாளி பிழைத்துக்கொண்டார். ஆனால் எல்லா டாக்டருக்கும் டெலிபோனில் கிடைக்கக்கூடிய ஒரு பேராசிரியர் இருக்கிறாரா?

கறுப்புப் பூஞ்சை

2021-ல் இரண்டாவது அலை வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. ஆக்ஸிஜன் இல்லை. பயத்தில் ஜனங்கள் கிடைத்த மருந்தை எல்லாம் தின்றார்கள். சீட்டு இல்லாமலே ஸ்டீராய்டு மாத்திரை கைமாறியது. ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தைச் செல்போனில் படம் எடுத்து இன்னொருவருக்கு அனுப்பினார்கள். அவரும் வாங்கிச் சாப்பிட்டார்.

மே மாதம் கறுப்புப் பூஞ்சை என்ற புதுப் பீதி. மூக்கில் தொடங்கும். கண்ணுக்கு ஏறும். மூளைக்கும் போகும். உயிரைக் காப்பாற்றக் கண்ணையே எடுக்க வேண்டிய கொடுமையும் நேர்ந்தது. ஜூலை மாதத்துக்குள் நாடு முழுவதும் 45 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தது. 4,300-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பார்லிமெண்டில் சர்க்கார் சொன்ன கணக்கு இது.

காரணம் ஒன்று மட்டும் அல்ல. கொரோனாவே உடம்பின் பலத்தைக் குறைக்கிறது. கட்டுக்கு அடங்காத சர்க்கரை வியாதி நம் நாட்டில் அதிகம். ஆனால் தேவை இல்லாமலும் அளவு மீறியும் கொடுத்த ஸ்டீராய்டு ஒரு பெரிய காரணம் என்று வல்லுநர்கள் எச்சரித்தார்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். கிருமியை எதிர்க்கும் சக்தியைத் தணிக்கும். பூஞ்சைக்கு அது கொண்டாட்டம்.

மூன்றாவது வரி போய்ச் சேராததற்கு நாம் கொடுத்த விலையில் இதுவும் சேரும். சிறிய ஊர் டாக்டர்கள் மேல் எல்லாப் பழியையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி அல்ல. இரண்டு அலைகளிலும் சேர்த்து ஆயிரத்துக்கு மேற்பட்ட டாக்டர்கள் இந்த நாட்டில் கொரோனாவால் இறந்தார்கள் என்று இந்திய மருத்துவச் சங்கம் கணக்குச் சொன்னது. பகலில் நோயாளிகளோடு போராடிவிட்டு, இரவில் கண் எரியக் கண் எரியத் திரை முன்னால் படித்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். அவர்களுக்குக் காது கொடுக்க ஆள் இல்லை. அதுதான் குறை.

ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் பேசும் மகாநாடு ரேடியோவைப் போன்றது. ரேடியோ நன்றாகப் பேசும். நாம் கேட்டால் பதில் சொல்லாது.

நியூ மெக்ஸிகோ செய்த வேலை

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. கொரோனாவுக்கு முன்பே ஒரு டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். அவர் இந்தியாவில் பிறந்தவர் என்பது நமக்கு ஒரு சந்தோஷம்.

சஞ்சீவ் அரோரா என்பது அவர் பெயர். கல்லீரல் நிபுணர். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ ராஜ்யத்தில் ஆல்புகர்க்கி நகரத்துச் சர்வகலாசாலையில் வேலை. அந்த ராஜ்யம் பரந்த வறண்ட பூமி. ஊருக்கும் ஊருக்கும் நெடுந்தூரம். ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய் வந்தவர்கள் அவரைப் பார்க்க எட்டு மாதம் காத்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான மைல் பிரயாணம் செய்து வந்தார்கள். சிலர் வருவதற்குள் நோய் முற்றிவிட்டது.

2003-ல் அரோரா ஒரு யோசனை செய்தார். நோயாளியை நகரத்துக்கு இழுப்பதற்குப் பதில், அறிவைக் கிராமத்துக்கு அனுப்பினால் என்ன? கிராமத்து டாக்டர்களை வாரம் ஒரு முறை திரையில் கூட்டினார். அவர் மட்டும் பேசவில்லை. ஒவ்வொரு டாக்டரும் தம்மிடம் வந்த நோயாளியின் நிலைமையை, பெயர் சொல்லாமல், எடுத்து வைக்க வேண்டும். "இவருக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்க வேண்டும். நிபுணர்கள் பதில் சொல்வார்கள். மற்றக் கிராமத்து டாக்டர்களும் தம் அனுபவத்தைச் சொல்வார்கள். அடுத்த வாரம், "அந்த நோயாளி எப்படி இருக்கிறார்?" என்று விசாரிப்பார்கள்.

பலன்? 2011-ல் கணக்கு வெளியாயிற்று. சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் 100-க்கு 58 பேர் குணமானார்கள். கிராமத்து டாக்டர்களிடமும் சிறைச்சாலை டாக்டர்களிடமும் பார்த்துக்கொண்டவர்களிலும் 58 பேர்! வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். கிராமத்து டாக்டர் கையில், நிபுணர் கை வைத்தியம் நடந்திருக்கிறது.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியும் இந்த முறையில் தூரத்து ஊர் டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறது. ஆகவே, இது நம் மண்ணுக்கு ஒத்து வராது என்று யாரும் சொல்ல முடியாது.

என் கட்சி இதுதான். ஒவ்வொரு மெடிக்கல் காலேஜும் தன்னைச் சுற்றியுள்ள தாலுகா டாக்டர்களை இருபது இருபது பேராகப் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு மணி நேரம். ஒரு பேராசிரியர், இருபது டாக்டர்கள், நாலு நோயாளிகளின் நிலைமை. அந்த ஒரு மணி நேரத்தை டாக்டரின் வேலை நேரமாகவே கணக்கில் சேர்க்க வேண்டும். சாப்பாட்டு நேரத்திலும் தூக்க நேரத்திலும் கை வைத்து ஒருவரைப் படிக்கச் சொல்வது நியாயம் அல்ல.

இதற்கு ஆகிற செலவு என்ன? செல்போன் எல்லோரிடமும் இருக்கிறது.

ஐந்து வருஷத்தில் முப்பது மணி

டாக்டர்கள் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று விதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2002-ம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதிப்படி ஐந்து வருஷத்தில் குறைந்தது 30 மணி நேரம் இப்படிப்பட்ட கூட்டங்களில் கலந்துகொள்ள வேண்டும். வருஷத்துக்கு 6 மணி நேரம். இரண்டு சினிமாப் பார்க்கும் நேரம்!

அதிலும் கேளுங்கள். முன்பெல்லாம் கூட்டங்கள் பல மருந்துக் கம்பெனிகளின் தயவில் நடந்தன. பெரிய ஹோட்டல், விருந்து, வெளியூர்ப் பிரயாணம். 2009-ல் கவுன்சில் அதற்குத் தடை போட்டது. டாக்டர்கள் கம்பெனிகளிடம் பரிசும் பிரயாணச் செலவும் வாங்கக் கூடாது என்று விதி வந்தது. 2020-ல் கம்பெனிகளும் திரைக்கு வந்துவிட்டன. இரவுக்கு இரவு ஆன்லைன் கூட்டம். பேசுகிறவர் நிபுணர்தான், ஆனால் திரையின் ஓரத்தில் மருந்தின் பெயர் மின்னிக்கொண்டே இருக்கும். பிரியாணி போயிற்று; விளம்பரம் போகவில்லை. பாடம் சொல்கிற இடத்தில் கடைப் பலகை இருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

கொள்ளை நோய் தணிந்தது. 2023 மே மாதம், சர்வதேச நெருக்கடி நிலை முடிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. அதற்கு முன்பே மகாநாடுகள் மறுபடியும் மண்டபத்துக்குத் திரும்பிவிட்டன. அதில் தப்பு இல்லை. ஆபரேஷன் செய்யும் கையைத் திரையில் பழக்க முடியாது. காபி குடிக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவரிடம், "சார், எனக்கு ஒரு சந்தேகம்" என்று கேட்பது திரையில் நடக்காது. மேலும், மணிக்கணக்கில் திரையில் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே இருப்பது மனத்தைக் களைக்க வைக்கிறது என்று அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் ஒருவர் 2021-ல் எழுதினார். தம் முகத்தைத் தாமே ஓயாமல் பார்ப்பதும் ஒரு காரணமாம்!

நேரில் போகக் கூடியவர்கள் போகட்டும். ஆனால் 2020-ல் இலவசமாகத் திறந்த கதவுகளில் பல, கட்டணக் கதவுகளாகிவிட்டன. அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மண்டபத்தில் பேசியதைப் படம் பிடித்துத் திரையில் போட என்ன கஷ்டம்? தாலுகா டாக்டருக்கு மறுபடியும் பின்வாசலா?

"கேட்டுச் சொல்கிறேன்"

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

டாக்டர் ஒருவர், "இந்த விஷயத்தை நான் ஒருவரிடம் கேட்டுச் சொல்கிறேன். நாளைக்கு வாருங்கள்" என்றால் நாம் என்ன நினைக்கிறோம்? "இவருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று நினைக்கிறோம். செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த தெரு டாக்டரிடம் போகிறோம். அவர் யாரையும் கேட்காமல் நாலு ஊசி, பத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால், "கெட்டிக்கார டாக்டர்" என்கிறோம்.

54 வயது நோயாளியின் வீட்டார் என்ன செய்தார்கள் தெரியுமா? "மருந்து இருக்கும்போது கொடுக்க மாட்டேன் என்கிறாரே" என்று நண்பரைத் திட்டினார்கள். அவருடைய மனைவி மட்டும், "கேட்டுத்தானே சொல்றாரு. பொறுத்துப் பார்ப்போம்" என்றாராம். அந்த அம்மாளுக்குப் பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி.

சென்ற மாதம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். நண்பரின் பழைய பேராசிரியர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவரே முன்வந்து, பக்கத்துத் தாலுகாக்களின் டாக்டர்கள் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு புதன்கிழமைதோறும் திரையில் ஒரு மணி நேரம் உட்காருகிறார். சர்க்கார் உத்தரவு இல்லை. கம்பெனி இல்லை. அன்றைக்குப் புதன்கிழமை. ஒரு டாக்டர், கர்ப்பிணி ஒருவருக்குச் சர்க்கரை ஏறியிருப்பதைச் சொல்லி வழி கேட்டார். மூன்று பேர் பதில் சொன்னார்கள். மூன்றும் ஒன்றுபோல இல்லை. பேராசிரியர் அவற்றில் ஒன்றை ஏற்று, ஒன்றைத் திருத்தினார், மூன்றாவதைச் சொன்னவரிடம், "அதை எங்கே படித்தாய்? எனக்கு அனுப்பு" என்றார்.

நண்பர் இப்போது கீழே கூடத்திலேயே உட்காருகிறார். தாயார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்கும் லண்டனா?"

"இல்லேம்மா. நம்ம ஜில்லாதான்."

"அப்போ அவங்களுக்கும் பசிக்கிற நேரம்தான். ஒன்பதுக்குள்ளே முடிச்சுக்கச் சொல்லு!"